மலையில் பெய்த மழை எப்போது கீழே வரும்?

கரியாலூர்ப் பக்கம் வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கினால், கீழே கச்சிராயபாளையத்தில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோமுகி அணைதான். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் போன்ற ஓடைகள் வழியே அங்கே இறங்குகிறது. அணையின் முழு உயரம் 46 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போது ஷட்டரைத் திறப்பதா, இன்னும் பொறுப்பதா? மேலே பெய்த மழை எத்தனை மணிக்கு, எத்தனை கன அடியாக வந்து சேரும் என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். கரையோர ஊர்களின் பாதுகாப்பே இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

இந்தக் கணக்கைத் தம் வாழ்வின் முதல் பெரும் வேலையாக எடுத்துக்கொண்டவர் வா.செ.குழந்தைசாமி. அவரைத் துணைவேந்தர் என்று தமிழ்நாடு அறியும். குலோத்துங்கன் என்ற பெயரில் எழுதிய கவிஞர் என்றும் அறியும். உலகின் நீரியல் நூல்களில் அவர் பெயர் இருப்பதற்குக் காரணம் வேறு. 1929இல் கரூர் அருகே வாங்கலாம்பாளையத்தில் பிறந்த அவர், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே வென் டே சோ என்ற புகழ்பெற்ற நீரியல் அறிஞரிடம் ஆய்வு செய்து 1964இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பெய்த மழையில் ஒரு பங்கை மண் குடிக்கிறது. ஒரு பங்கு இலைகளிலும் பள்ளங்களிலும் தங்கி ஆவியாகிறது. மிச்சம் ஓடுகிறது. ஓடும் நீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. சரிவுகளிலும் ஓடைகளிலும் அது கொஞ்ச நேரம் தேங்கியபடியேதான் நகர்கிறது. 1932இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓர் எளிய வழியைச் சொன்னார்: ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓர் அளவு மழைக்கு எவ்வளவு வெள்ளம், எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று வரைந்துகொள்ளுங்கள், மழை இரட்டித்தால் வெள்ளமும் இரட்டிக்கும். உலகமே இதைக் கையாண்டது. ஆனால் மலை இந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. ஓடையில் நீர் ஆழமானால் அதன் வேகமும் கூடும். அதனால் கனமழையின் உச்ச வெள்ளம் இரு மடங்கைத் தாண்டலாம், எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே வந்தும் விடலாம்.

குழந்தைசாமி தேக்கத்தின் பக்கம் திரும்பினார். வெளியேறும் நீரின் அளவு தெரிந்தால் உள்ளே தேங்கி நிற்பதும் தெரிந்துவிடும் என்பது எளிய கணக்கு. அது போதாது. திருவிழாவன்று கோபுர வாசலில் நிமிடத்துக்கு நூறு பேர் வெளியே வருகிறார்கள் என்று வையுங்கள். கூட்டம் பெருகிக்கொண்டிருக்கும் மாலையிலும் நூறு பேர், கலைந்துகொண்டிருக்கும் இரவிலும் நூறு பேர். உள்ளே நிற்கும் கூட்டம் இரண்டு வேளையும் ஒன்றா? வெள்ளமும் இப்படித்தான். ஏறும்போது ஓடையின் வாயில் ஓடும் அதே அளவு நீர், இறங்கும்போது ஓடினாலும் மேலே தேங்கியிருப்பது வேறு. ஆகவே தேக்கத்தைக் கணக்கிட வெளியேறும் நீர், உள்ளே வரும் நீர், அவை ஒவ்வொன்றும் மாறும் வேகம், அந்த வேகமே மாறும் விதம் எல்லாம் வேண்டும் என்று ஒரு பொதுச் சமன்பாட்டை அவர் அமைத்தார். அதன் கெழுக்களும் நிலையான எண்கள் அல்ல, நீரோட்டத்தோடு மாறக்கூடியவை. 1971இல் சோவும் அவரும் சேர்ந்து இதைப் பொது நீரியல் மாதிரியாக வெளியிட்டார்கள். முன்பிருந்த பல மாதிரிகள் இதன் தனி வடிவங்களாக இதற்குள்ளேயே அடங்கிவிட்டன. இன்னொரு புதிய சூத்திரத்தைச் சேர்ப்பதைவிட, சிதறிக் கிடந்தவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரான அவரை நிர்வாகம் இழுத்துக்கொண்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பின், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1978இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் அப்போது இளங்கன்று. அடுத்து 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாதவருக்கு வீட்டிலேயே பாடம் போய்ச்சேரும் ஏற்பாடு அது. பிறகு தமிழ் இணையப் பல்கலைக்கழகம். இவற்றோடு தமிழ் எழுத்துச் சீர்திருத்தம், 1988இல் சாகித்திய அகாதெமி விருது, 2002இல் பத்மபூஷண். 2016 டிசம்பரில் மறைந்தார்.

பதவிகளின் பட்டியலைப் பேசும் நாம் அந்தச் சமன்பாட்டைப் பேசுவதில்லை. அது மாற வேண்டும். கோமுகி அணை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் வடகிழக்குப் பருவமழையின்போது மலையில் பெய்த மழையளவையும் கோமுகியின் நீர்வரத்தையும் நாள்தோறும் மாணவர்களை ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். இரண்டு உச்சங்களுக்கும் இடைவெளி ஏன் வருகிறது என்று அவர்களே கேட்பார்கள். அப்போது குழந்தைசாமியின் பெயரைச் சொல்லி விளக்குங்கள்.