பனிக்காலத்தில் கிளம்ப மறுக்கும் டீசல் லாரி

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஓசூர், தளி, கெலமங்கலம் முதலிய பகுதிகள் கடல் மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள மேட்டு நிலத்தைச் சேர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை உஷ்ணம் 15 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதுண்டு. ரோஜா, கோஸ், தக்காளி, கொத்தமல்லி ஆகியவற்றை ஏற்றிய லாரிகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் புறப்படுவது பெரும்பாலும் இருட்டு வேளையில்தான். வண்டி இரண்டு மணி நேரம் தாமதித்தால் சரக்கு வாடுவதோடு, சந்தையில் நல்ல விலையும் தவறிப்போகும். ஆகையால் லாரி வைத்திருக்கும் குடியானவர்கள் இக்கோளாற்றின் காரணத்தைத் தாமே கண்டறியக் கற்பது அவசியம்.

குளிர் செய்யும் வேலை

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரிலுள்ள காற்று மிகவும் அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. குளிரில் பாட்டரியின் சக்தி குறையும். எஞ்சின் ஆயில் தடித்துச் சுழற்சியைத் தடுக்கும். காற்றும் இரும்பும் குளிர்ந்திருப்பதால் போதிய சூடு பிறக்காது.

லடாக் போன்ற இடங்களில் டீசலிலுள்ள மெழுகே உறைந்து பில்டரை அடைத்துவிடும். அதற்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கம்பெனி 2019-ல் அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓசூர்க் குளிர் அவ்வளவு கடுமையானதன்று. இங்குள்ள குளிரில் நல்ல நிலையிலுள்ள லாரி கிளம்பியே தீரவேண்டும். கிளம்பாவிடில், முன்பே இருந்த ஏதோ ஒரு குறை இப்பொழுது வெளிப்பட்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

சோதிக்கும் முறை

முதலாவது, எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கவேண்டும். மெதுவாகச் சுற்றினாலும், 'டக்' என்ற சத்தத்தோடு நின்றாலும், பாட்டரியையும் அதன் முனைகளையும் எர்த் வயரையும் கவனிக்க வேண்டும். முனையில் பூத்திருக்கும் வெண்ணிற உப்பைச் சுரண்டி இறுக்குவதாலேயே பல வண்டிகள் கிளம்பிவிடும். 12 வோல்ட் பாட்டரி இரவெல்லாம் ஓய்ந்திருந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். செல்ப் போடும்போது 9½ வோல்ட்டுக்குக் கீழே விழுமாயின் பாட்டரி பலவீனமானது. அல்லது செல்ப் மோட்டார் மிகுதியான கரெண்டை இழுக்கிறது. பெரிய லாரிகளில் உள்ள இரண்டு பாட்டரிகளையும் தனித்தனியே சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் கிளம்பாவிடில், சைலன்ஸரில் புகையைக் கவனிக்க வேண்டும். புகையே இல்லையெனில் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. பில்டர் அடைத்திருக்கலாம், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். கைப் பம்பை அடித்தவுடன் வண்டி கிளம்புமாயின், இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடுகிறது என்று அறியலாம். இதை உறுதிப்படுத்த, வெயில் வேளையில் அதே எட்டு மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்கவேண்டும். அப்பொழுதும் கிளம்பாவிடில் குற்றம் குளிரினுடையதன்று. தேய்ந்த வாஷர் அல்லது வெடித்த ரப்பர்க் குழாயே காரணமாயிருக்கும்.

மூன்றாவது, வெண்புகை வந்தும் கிளம்பாவிடில், டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை என்பது பொருள். சிறு வண்டிகளில் க்ளோ பிளக்கையும், ஹீட்டர் உள்ள லாரிகளில் அந்த ஹீட்டரையும் பார்க்கவேண்டும். அவை சரியாயிருந்தால் நாசில்களைச் சோதிக்கவேண்டும். ஆயில் அதிகம் செலவாகி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளுமாயின், ரிங்குகள் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

செய்யத்தகாதவை

எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றுவது வண்டிக்கும் ஆளுக்கும் ஆபத்து. ஹீட்டரோ க்ளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்தால் வெடிக்கக்கூடும். பழைய வண்டிகளில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். காமன் ரெயில் எஞ்சின்களில் அவ்வாறு செய்யலாகாது; அங்குள்ள அழுத்தம் 1,000 பார் அளவையும் கடக்கும். அவ்வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அத்தகைய வண்டியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை. செல்பை 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்கவேண்டும்.

முன்னேற்பாடு

ஐப்பசி மாதத்திலேயே பாட்டரியைச் சோதித்து, டீசல் பில்டரை மாற்றி, வண்டிப் புத்தகத்தில் குறித்த தரத்து ஆயிலை ஊற்றிவைப்பது நலம். மாலையிலேயே டாங்கியை நிரப்பினால் இரவில் ஈரம் படிந்து தண்ணீர் சேர்வது குறையும். பில்டருக்கு அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு, ஒரு லோடு ரோஜா வண்டியிலேயே வாடிப்போவதால் ஏற்படும் நஷ்டத்தைவிட மிகவும் சொற்பமே.