நெஞ்சு நோவும் தூர வழியும்

"மாரடைப்பு காசுக்காரருக்கு வர்ற வருத்தம். மலை ஏறி இறங்குற நமக்கு அது ஏன் வரப்போகுது?" லயத்து வாசல்களில் இப்படிப் பேசுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். உடல் உழைப்பு இருதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் உண்மை பாதிதான். மீதிப் பாதியை இந்த இதழில் விளக்குகிறோம்.

உலகத்தில் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறப்பவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் இருப்பவர்களே. 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2014 இல் வெளிவந்தது. கொழுப்பு, பிரஷர், சீனி, புகைத்தல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வருத்தம் வரக்கூடிய காரணங்கள் பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஆனால் அதனால் சாவது ஏழை நாடுகளில்தான் அதிகம். ஏன் அப்படி? வருத்தத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பதும், மருந்து தொடர்ந்து கிடைப்பதும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

ஒரே நாட்டுக்குள்ளும் இந்த வித்தியாசம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, நம் மலையிலிருந்து வெகுதூரத்தில், கடலுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரைப் பார்ப்போம்.

சுருவிலிலிருந்து நெடுந்தீவு வரை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பக்கமாக உள்ள கிராமம் சுருவில். பனையும் கடலும் உள்ள இடம். 1990 களில் போரினால் தீவகத்து மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்து போனார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்க, வயதான தாய் தகப்பன் மட்டும் தனியே இருக்கும் வீடுகள் தீவகத்தில் இன்றும் உண்டு. இராத்திரியில் நெஞ்சு நோவு வந்தால் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமே!

சுருவிலுக்குக் கிட்ட ஊர்காவற்றுறையில் அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. இருதய நோய் நிபுணர்கள் இருக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து தரை வழியாகவே போய்விடலாம். நெடுந்தீவுக்காரரின் நிலைமை வேறு. அவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில் ஒரு மணித்தியாலம் அளவில் வேண்டும். காற்றுக் காலத்தில் கடல் விடாது. அங்கிருந்து புங்குடுதீவும் வேலணையும் தாண்டினால்தான் யாழ்ப்பாணம். வருத்தம் ஒன்றுதான், ஆனால் யாழ்ப்பாணம் பட்டினத்தில் இருப்பவருக்கும் சுருவிலில் இருப்பவருக்கும் நெடுந்தீவில் இருப்பவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் ஒன்றில் இரத்தம் கட்டிப்பட்டு அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைத்த நிமிடத்திலிருந்து இருதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப வளராது. கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. குழாயைத் திறந்துவிடும் சிகிச்சையும் உண்டு. இரண்டும் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் பலன் அதிகம். நேரம் போகப்போகப் பலன் குறையும்.

நம்முடைய கடல், மலைதான்

தோட்டத்திலும் இதே கதைதான். மேல் டிவிஷன் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மழையில் தோட்டத்து ரோடு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். தோட்டங்களின் சுகாதாரம் நெடுங்காலம் அரசாங்கத்தின் பொதுச் சேவைக்கு வெளியே, தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தது. 1990 களிலிருந்துதான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பட்டினத்துக்கு முன்பே வந்து சேர்ந்த வசதிகள் நமக்குப் பிந்தித்தான் வந்தன.

தூரத்தோடு இன்னொரு தடையும் உண்டு. அதுதான் பேர். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பஸ் காசு வேறு. மாதா மாதம் இப்படி இழக்க முடியாமல், "தலைச்சுத்து நின்னு போச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். பிரஷருக்குத் தலைச்சுற்று அடையாளமல்ல. பலருக்கு ஒரு அடையாளமும் இருக்காது. மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் சத்தமில்லாமல் திரும்ப ஏறும்.

உத்தியோகத்தில் ஒருவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதும் இருதயத்தைத் தொடுகிறது. 1967 இல் லண்டனில் 18,000 அளவிலான அரசாங்க ஆண் ஊழியர்களை வைத்து 'வைற்ஹோல்' ஆய்வு என்று ஒன்று தொடங்கினார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச வைத்தியம். அப்படியிருந்தும் மிகக் கீழ்ப்படியில் இருந்தவர்கள், மேல்படி அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருதய நோயால் இறந்தார்கள். கீழ்ப்படியில் புகைத்தல் கூடுதல்தான். ஆனால் புகைத்தல், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சி நின்றது. ஆகவே "உன் பழக்கம்தான் காரணம்" என்று தொழிலாளியை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

நெருக்கமான வீடும் ஒரு காரணமாகும். ஒரு காம்பராவில் பலர் படுத்தால் பிள்ளைகளின் தொண்டை நோவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றும். அதைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கி வாதக் காய்ச்சல் வரும். அது இருதய வால்வைக் கெடுத்துவிடும். தொண்டை நோவுக்கு உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் தடுக்கலாம். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, டாக்டர் சொன்ன கணக்கில் பெனிசிலின் ஊசியைத் தவறாமல் போட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ரோட்டையும் ஆஸ்பத்திரியையும் நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

1. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், கை, தோள், தாடைக்குப் பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் "வாயுதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் கடும் நோவு இல்லாமல் களைப்பு, மூச்சு முட்டல், மேல் வயிற்று நோவு மட்டும் வரலாம்.

2. உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் பின் நாடு முழுவதற்கும் வந்தது. பேசுபவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். தோட்டம், டிவிஷன், வண்டி வரக்கூடிய இடம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள்.

3. ஒவ்வொரு லயத்திலும் இப்போதே பேசி வையுங்கள். இராத்திரியில் யாருடைய வாகனம் வரும்? ரோடு வரை தூக்க யார் யார் வருவார்கள்? ஈ.சி.ஜி. எடுக்கும் கிட்டிய ஆஸ்பத்திரி எது?

4. 35 வயது தாண்டியவர்கள் பிரஷரும் சீனியும் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. செலவில்லை.

5. பேர் இழக்காமல் பிரஷர் பார்க்க, பிரட்டுக்களத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ ஒரு நாள் ஒழுங்கு செய்யும்படி தோட்ட வைத்திய உதவியாளரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் கூட்டாகக் கேளுங்கள். தலைவர்மாரும் நிர்வாகத்துடன் பேச வேண்டும். கேட்பது சலுகையல்ல.

6. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாட்டிலும் ரொட்டியிலும் சம்பலிலும் இருப்பது அந்தக் கணக்கில் சேரும். சுருட்டு, பீடி விடுங்கள். வெற்றிலை போட்டாலும் புகையிலை வேண்டாம். சாராயமும் கசிப்பும் பிரஷரை ஏற்றும்.

அடுத்த சம்பள நாளுக்கு முன் உங்கள் லயத்தில் ஒரு மாலை கூடி, மூன்றாவதாகச் சொன்ன கேள்விகளுக்குப் பதில் எழுதி, 1990 என்ற இலக்கத்தோடு சேர்த்து எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். கொழுந்து மலைக்குப் போகும் அம்மாவுக்கும், தனியே இருக்கும் தாத்தாவுக்கும் அந்தத் துண்டுக் கடதாசி ஒரு நாள் உயிர் காக்கும்.