"என்ன கேமரா?" என்று கேட்பதற்கு முன்

நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்தால் நம் மாணவர்கள் முதலில் கேட்பது, "என்ன கேமரா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "லென்ஸ் என்ன விலை?" படத்தில் இருப்பவர் யார், அது எங்கே எடுத்தது, அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பதெல்லாம் மூன்றாவது, நான்காவது கேள்விகள். பெரும்பாலும் பேச்சு அதுவரை போவதே இல்லை.

பல்கலைக்கழகப் புகைப்படக் கழகங்களில் இது அன்றாடக் காட்சி. கல்விக் கடன் பணம் கணக்கில் விழுந்த வாரத்தில் தவணை முறையில் கேமரா வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கிய பிறகு எடுப்பது என்னவோ நண்பர்களின் பட்டமளிப்புப் படங்களும் மாலை நேர வானமும்தான். அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கருவி மோகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரகு ராயின் கழுதைக்குட்டி நினைவுக்கு வரும்.

ரகு ராய் இந்தியாவின் மிக முக்கியமான ஆவணப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். 1942இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜாங் என்ற ஊரில் பிறந்தவர். படித்தது கட்டடப் பொறியியல். அரசாங்க வேலையும் கிடைத்தது. ஆனால் அது பிடிக்கவில்லை. டில்லியில் புகைப்படக்காரராக இருந்த அண்ணன் எஸ். பால் வீட்டில் வந்து தங்கினார். அண்ணனின் நண்பர் ஒருவர் கிராமத்துக்குப் படம் எடுக்கப் போனபோது, அண்ணனிடம் ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு இவரும் கூடப் போனார்.

வயல்வெளியில் ஒரு கழுதைக்குட்டி நின்றது. இவர் கிட்டே போனால் அது ஓடும். இவர் துரத்துவார், மறுபடியும் ஓடும். சுற்றியிருந்த சிறுவர்கள் சிரிக்கச் சிரிக்க, இவருக்கும் விளையாட்டு சூடுபிடித்துவிட்டது. கடைசியில் குட்டி களைத்துப்போய் நின்றபோது, மாலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தார். அண்ணன் அதை லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு அனுப்பினார். அவர்களும் அரைப் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்கள். அதற்குக் கிடைத்த பணம் ஒரு மாதச் செலவுக்குப் போதுமானதாக இருந்ததாம். பொறியியல் அத்தோடு முடிந்தது.

அவர் கையில் இருந்தது இரவல் கேமரா. பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் குட்டி களைக்கும்வரை துரத்துகிற பொறுமை மட்டும்தான். அந்தப் பொறுமை எந்த விற்பனைத் தளத்திலும் கிடைக்காது. தள்ளுபடி நாளிலும் கிடைக்காது.

1966 வாக்கில் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் சேர்ந்தார். 1971இல் வங்காளதேசப் போரின் அகதிகளைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது. 1977இல், புகைப்பட உலகின் பிதாமகர்களில் ஒருவரான ஆன்ரி கார்த்தியே பிரெஸோன், உலகப் புகழ்பெற்ற 'மேக்னம்' குழுவுக்கு இவர் பெயரை முன்மொழிந்தார். பிறகு 'இந்தியா டுடே' இதழ். 2019இல் பிரான்சின் நுண்கலைக் கழகம் வழங்கும் வில்லியம் கிளைன் பெயரிலான விருது. பட்டியல் இன்னும் நீளும். நமக்கு அது முக்கியமில்லை.

கருவியைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியவர் என்பதுதான் சுவையானது. அவருடைய தலைமுறைக் கலைஞர்கள் பலர், "படச்சுருள்தான் உண்மையான புகைப்படக்கலை, டிஜிட்டல் எல்லாம் விளையாட்டு" என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் அது. 2003இல் ஓர் இதழுக்காக மும்பையில் படமெடுக்கச் சென்ற ரகு ராய் நிக்கான் டி100 என்ற டிஜிட்டல் கேமராவைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு படச்சுருளுக்குத் திரும்ப முடியவில்லை என்று கூச்சமில்லாமல் சொன்னார். அப்போது அவருக்கு அறுபது வயது.

அந்த டி100 கேமராவின் திறன் வெறும் 6 மெகாபிக்சல். இன்று நம்மில் பலருடைய சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி 50 மெகாபிக்சல் என்று மார்தட்டுகிறது. நாற்பது ஆண்டுகளாகப் படச்சுருளில் ஊறிய ஒருவருக்கு 6 போதுமானதாக இருந்தது. நமக்கு 50ம் போதவில்லை! மெகாபிக்சல் என்பது படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதை மட்டுமே சொல்லும். பெரிய சுவரொட்டி அச்சிடவோ, படத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கவோ அது உதவும். எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லாது.

கருவி முக்கியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அப்படிச் சொல்கிறவர்களிடம் பெரும்பாலும் நல்ல கருவி இருக்கும். இருட்டில் நடக்கும் தீமிதியைப் பழைய கைப்பேசியில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கேள்வி வேறு: அந்தக் கருவி நம்மை மனிதர்களின் பக்கத்தில் கொண்டுபோகிறதா, அல்லது தூரத்திலேயே நிற்க வைக்கிறதா?

இதற்கு போபாலைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டி, போபால் நகரில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். தூக்கத்திலேயே இறந்தவர்களும் உண்டு, ஓடும்போது தெருவில் விழுந்தவர்களும் உண்டு. செய்தி பரவியதும் அங்கே விரைந்த புகைப்படக்காரர்களில் ரகு ராய் ஒருவர். பாப்லோ பார்த்தலோமியோ இன்னொருவர்.

இருவரும் ஒரே குழந்தையைப் படமெடுத்தார்கள். அடக்கம் செய்யப்படும் ஒரு சின்னக் குழந்தை. உடல் மண்ணுக்குள், முகம் மட்டும் வெளியே, கண்கள் திறந்தபடி. மூடிய மண்ணைத் தந்தை மறுபடியும் விலக்கி, கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்த நேரம் அது என்று ரகு ராய் பின்னர் சொல்லியிருக்கிறார். அவர் எடுத்தது கறுப்பு வெள்ளை. பார்த்தலோமியோ எடுத்தது வண்ணப்படம். அது 1984ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது.

ஒரே இடம், ஒரே குழந்தை, ஒரே துயரம். ஆனாலும் இரண்டு படங்களும் ஒன்றல்ல. வண்ணப்படத்தில் மண்ணின் நிறமும் தோலின் நிறமும் நம்மை அந்த நாளுக்கே, அந்தக் குழியின் ஓரத்துக்கே இழுத்துப் போகின்றன. கறுப்பு வெள்ளையில் நாளும் ஊரும் மறைந்துபோகின்றன. அந்த முகமும், அதன்மேல் படிந்த கையும் மட்டும் மிஞ்சுகின்றன. எது சிறந்தது என்று விவாதம் நடத்தலாம். எனக்கு ரகு ராயின் படம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. படைப்பாற்றல் என்ற பெரிய சொல்லுக்கு இதுதான் பொருள் என்று நினைக்கிறேன். இல்லாததை உண்டாக்குவதல்ல, இருப்பதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த நொடியில் முடிவெடுப்பது.

ஒரு தந்தையின் அந்தரங்கத் துயரத்தை இப்படிப் படமெடுக்கலாமா என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது. எழ வேண்டும். ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் போபாலை உலகம் ஒரு தொழிற்சாலை விபத்தாக, சில புள்ளிவிவரங்களாக மறந்திருக்கும். ரகு ராய் அதோடு விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் போபாலுக்குப் போய், உயிர்பிழைத்தவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து புத்தகமாக்கினார். ஒரு துயரத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது.

இதில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. உலகமே பார்த்த அந்தக் குழந்தையின் பெயர் யாருக்கும் தெரியாது. 'பெயர் தெரியாத குழந்தையின் அடக்கம்' என்றுதான் அந்தப் படம் அழைக்கப்படுகிறது.

நவீன வாழ்க்கையைப் பற்றியும் ரகு ராயிடம் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. படம் எடுப்பதை அவர் தரிசனத்தோடு ஒப்பிட்டுப் பேசுவார். கோயிலில் தரிசனம் என்றால் நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமல்ல, சாமியும் நம்மைப் பார்ப்பது. மனம் வேறெங்கோ இருந்தால் தரிசனம் கிடைக்காது. நம் கோயில் திருவிழாக்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தீபாராதனை காட்டும் நொடியில் கூப்பிய கைகளைவிட உயர்த்திய கைப்பேசிகள்தான் அதிகம். சாமிக்கே நம் முகம் தெரிகிறதோ என்னவோ!

எழுதப்பட்ட வரலாற்றைத் திருத்தி எழுதலாம், புகைப்பட வரலாற்றைத் திருத்த முடியாது என்பதும் அவர் அடிக்கடி சொன்னது. இங்கே நான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. செயற்கை நுண்ணறிவு செயலியிடம் இரண்டு வரி எழுதினால், நடக்காத நிகழ்ச்சிக்கும் படம் கிடைக்கும் காலம் இது. படம் இருப்பதே சான்றாகிவிடாது. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், அப்போது அங்கே நின்றாரா என்பவைதான் இனிச் சான்று.

அவர் காலத்தில் அவ்வளவாகக் கேட்கப்படாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கேமரா யார் கையில் இருக்கிறது?

மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமாரின் பணி இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. இவருடைய தாயார் மீன் விற்பவர். மனிதக் கழிவை மனிதர்களே அகற்றும் கொடுமையைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பழனிக்குமார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புற மக்கள் ஆவணக் காப்பகத்தில் தொடர்ந்து பணியாற்றி வருகிறார். ராமேஸ்வரம் பகுதியில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், சென்னைக்கு வடக்கே ஆற்றில் வெறும் கையால் இறால் பிடிக்கும் பெண்கள், சாக்கடைக் குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்கள் ஆகியோர்தான் இவர் படங்களில் இருப்பவர்கள். 2022இல் முதலாவது தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது இவருக்குக் கிடைத்தது.

தன் தாயையே மீன் சந்தையில் படமெடுத்து ஒரு புகைப்படக் கட்டுரை ஆக்கியிருக்கிறார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை சொல்லித்தந்து, அவர்கள் தங்கள் வீட்டையும் பெற்றோரின் வேலையையும் தாங்களே படமெடுக்க வழிசெய்கிறார். வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், அம்மா விடியற்காலையில் எப்படி எழுந்து கிளம்புவார் என்பது மகளுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது.

ஜொகூரில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. ஸ்கூடாயில் முத்தியாரா ரினி குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயர், ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் மாடி வீடுகளும் கடைகளும்தான்; தோட்டம் பெயரில் மட்டும் மிச்சம். ஜொகூர் முழுவதும் இப்படித் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் உண்டு. அங்கே இருந்த லயத்து வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகை, காலைப் பெரட்டு நடக்கும் திடல், மாரியம்மன் கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு எத்தனை படங்கள் நம்மிடம் இருக்கின்றன? இருப்பதும் பெரும்பாலும் கல்யாணப் படங்கள். பால்வெட்டும் பாட்டியின் படம் யார் வீட்டிலாவது இருக்கிறதா? வேலை செய்வதைப் படமெடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. கேமராவும் தோட்டத்து மக்கள் கையில் இல்லை.

ஜொகூருக்குப் புகைப்பட மரபு இல்லாமலும் இல்லை. மலேசியாவின் குறிப்பிடத்தக்க புகைப்படக் கலைஞர் எரிக் பெரிஸ் 1939இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர்தான். அவருடைய தந்தை ஓ. டோன் பெரிஸ் இலங்கையிலிருந்து வந்து ஜொகூர் அரண்மனைக்கு ஓவியம் தீட்டியவர். மகன் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் புகைப்பட ஆசிரியராக இருந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களை நம் மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்று நம் கண்முன்னே இருப்பவையும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. விடியுமுன்னே தலைக்கவசமும் மழைச்சட்டையுமாக ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் நம் அப்பாக்களும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். புதிய ரயில் பாதை வந்தபின் அந்தக் காட்சி இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதிகாலை நாலு மணிக்கு அடுப்பங்கரையில் சாப்பாட்டு டப்பாவை மூடும் அம்மாவைப் படமெடுக்க எந்த வெளிநாட்டு இதழும் ஆள் அனுப்பப் போவதில்லை. கைப்பேசி போதும். முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் அகப்பையோடு துரத்தினால் பொறுப்பு உங்களுடையது.

எடுத்த பிறகு பெயர், ஊர், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். ரகு ராயின் 1971ஆம் ஆண்டுப் போர்க்காலப் படச்சுருள்கள் எங்கோ முடங்கிக் கிடந்து, சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தபோது, அவை ஒரு புத்தகமாகவே வந்தன. நம் கைப்பேசியில் இருக்கும் பல ஆயிரம் படங்கள் நாற்பது ஆண்டுகள் தாங்குமா என்று தெரியாது. முக்கியமான இருபது படங்களையாவது கடையில் கொடுத்து அச்சிட்டு வைப்பது நல்லது.

அடுத்த பள்ளி விடுமுறையில் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ உள்ள தாத்தா வீட்டுக்குப் போனால், அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தைக் கேட்டு வாங்குங்கள். படத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் யார், எந்தத் தோட்டம் என்று தாத்தாவைச் சொல்லச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மென்மையான பென்சில் போதும், அழுத்தி எழுத வேண்டாம். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். வழுவழுப்பான வண்ணப்படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் எழுதலாம். எழுதிய பிறகு படத்தை உள்ளே வையுங்கள். வைத்தபின் எழுதினால் பேனாவின் தடம் படத்தில் விழும்.