இசைத்தட்டும் ஏட்டுச்சுவடியும்

வெள்ளவத்தை அன்பர் ஒருவரின் இல்லத்திலே கிட்டப்பாவின் இசைத்தட்டொன்றைக் கேட்கும் பேறு பெற்றேன். 1933 இல் மறைந்த அப்பெருமகனின் குரல், பக்கத்திற்கு மூன்று நிமிடமளவே கொள்ளும் அரக்குத் தட்டுகளில்தான் வாழ்கின்றது. பழந்தட்டின் இசைத்துணுக்குகளைப் புதுப்பாட்டிற் கோக்கும் இளம் இசையமைப்பாளர் ஒருவர் படி கேட்டாராம், அன்பர் மறுத்துவிட்டார்.

“தேடியலைந்தவன் நான், பெயர் அவனுக்கா?” என்றார்.

அவ்வருத்தம் பொய்யன்று. எடுத்த தட்டின் பெயரையே மறைப்பாரும் உளர். ஆயினும், ஏடு வைத்திருந்தோர் யாவரும் இவ்வண்ணம் மறுத்திருப்பின், 1887 இல் தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையையும், 1894 இல் சாமிநாதையரவர்கள் புறநானூற்றையும் அச்சேற்றியிருத்தல் இயலுமோ? ஐயரவர்கள் ஏடுதவியோர் பெயர்களைத் தம் முகவுரைகளிற் பொறித்தார்கள். இசைத்தட்டுக்கு மட்டும் அம்முறை ஆகாதோ? பெயர் குறிப்பதாக வாக்களிப்பவருக்குப் படி கொடுத்தலே தக்கது. பூட்டி வைத்தல் காவலன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறு படியில்லாச் சுவடிகளும் உடன் எரிந்தன. அரக்குத் தட்டுக்கோ தீயும் வேண்டா. கை தவறினாற் போதும்.

அன்பரின் தட்டிலும் ஒரு கீறல் உண்டு. பல்லவி அவ்விடத்தில் இருமுறை இடறிற்று.