தலையில்லாத துரை

டெல்லி காஷ்மீரி கேட் பக்கம் தலையில்லாத வெள்ளைக்காரத் துரைமார் இரண்டு பேர் நடமாடுவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒருவர் லோதியன் ரோடு கல்லறைத் தோட்டத்து நிக்கலஸ். காதல் கைகூடாமல் தலையில் சுட்டுக்கொண்டு செத்தவராம். இன்னொருவர் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட ஜான் நிக்கல்சன். பெயர்களைப் பார்த்தால், ஒரே கதைதான் வாய்மாறி இரண்டாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நிக்கல்சன் கட்டுக்கதை ஆள் இல்லை. கம்பெனிப் படையில் பிரிகேடியர் ஜெனரல். 1857 செப்டம்பர் 14 அன்று டெல்லிக்குள் புகுந்த படையை நடத்திப் போய், காபூல் வாசல் அருகே ஒரு குறுகிய சந்தில் குண்டடிபட்டு, 23ஆம் தேதி உயிரை விட்டார். குண்டு பாய்ந்தது உடம்பில். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியிருக்க, ஆவிக்கு மட்டும் தலை எங்கே போயிற்று?

இதைக் கண்டுபிடிக்கக் கேமராவும் மீட்டருமாகக் கிளம்புகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். 2009இல் கௌரவ் திவாரி தொடங்கிய இந்தியன் பாராநார்மல் சொசைட்டி இந்த ஆர்வத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. 2023இல் டெல்லி சுற்றுலாத் துறையே மால்ச்சா மகாலில் ஆரம்பித்து, பாழடைந்த இடங்களுக்குப் ‘பேய் உலா’ அழைத்துப்போகத் தொடங்கிவிட்டது.

பேய் தேடிப் போகிறவர்கள் கையில் இருக்கும் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கே2 மீட்டர் என்பது ஒயரைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தை அளக்கும் சாதனம். சட்டைப்பையில் இருக்கும் செல்போன் டவரோடு பேசினாலே அதன் விளக்குகள் எரிந்துவிடும். போட்டோவில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள் லென்ஸுக்கு வெகு அருகில் பறக்கும் தூசு. செல்போனில் ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால், தூசில் பட்ட வெளிச்சம் நேராக லென்ஸுக்குத் திரும்பி, ஃபோகஸ் ஆகாமல் வட்டமாக ஊதித் தெரிகிறது. நவம்பர் மாத டெல்லிக் காற்றில் இந்த வகை ஆவிகளுக்குப் பஞ்சமே இல்லை.

உண்மையில் வியக்கவேண்டிய கருவி பார்க்கிறவரின் கண்தான். விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் இருக்கின்றன. குச்சி செல்கள் 9 கோடிக்கும் மேல். கூம்புகள் பகல் வேலைக்காரர்கள்: நிறமும் நுணுக்கமும் அவற்றின் பொறுப்பு. குச்சிகளுக்கு இரவு ஷிஃப்ட். பகல் வெளிச்சத்தில் சிதைந்துபோன ரோடாப்சின் என்ற நிறமியை மீண்டும் சேர்த்துக்கொண்டு அவை முழுதாக விழித்தெழ அரை மணி நேரம் பிடிக்கும். எழுந்தாலும் நிறம் பிரிக்கத் தெரியாது. சிவப்பு கறுப்பாகிவிடும், வெளிறியவை மட்டும் எடுப்பாகத் தெரியும். நம் ஊரானாலும் டெல்லியானாலும் பேய்கள் வெள்ளைச் சேலையே கட்டுவதில் இதற்குப் பங்கு இல்லாமல் இருக்காது. நிக்கல்சன் கல்லறை மேல் கிடப்பதும் ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை.

இனி தலைக்கு வருவோம். எதையாவது நேராக உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நடுவே இருக்கும் சிறு குழியில் விழுகிறது. அந்தக் குழியின் நட்டநடுவில் குச்சி செல்களே கிடையாது, எல்லாம் கூம்புகள். ஆகவே கும்மிருட்டில் நாம் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதுதான் மறையும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நேராகப் பார்த்தால் ஆறு, பார்வையைச் சற்று விலக்கினால் இன்னும் ஒன்றிரண்டு தெரிவது இதனால்தான். இருட்டில் குருடான அந்த நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றேகால் பாகை அகலம். ஒரு மனிதத் தலையின் அளவு கால் மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பதினொன்றரை மீட்டர் தொலைவில் அது இந்த ஒன்றேகால் பாகைக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். மங்கலாக ஓர் உருவம் தெரிந்தால் நாம் முதலில் எங்கே பார்ப்போம்? முகத்தைத்தான். பார்த்த கணத்தில் தலை போய்விடும், தோளும் உடம்பும் நிற்கும்.

நிலா இல்லாத இரவில் மொட்டை மாடியில் இதைச் செய்து பார்க்கலாம். வெளிர்நிறச் சட்டை போட்ட ஒருவரைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அரை மணி நேரம் செல்போனைத் தொடாமல் இருட்டில் இருந்துவிட்டு, அவர் முகத்தையே உற்றுப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சம் எட்டினால் பலிக்காது, கூம்புகள் விழித்துக்கொள்ளும். டெல்லிக் கதை பிறந்ததே இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இங்கிலாந்திலேயே தலையற்ற ஆவிக் கதைகள் ஏராளம், கப்பலேறி வந்தும் இருக்கலாம். ஆனால் அங்கே அந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கும் இதே கண்கள்தானே?

கண் இன்னொரு வேலையும் செய்யும். இருட்டில் தனியாகத் தெரியும் ஓர் ஒளிப்புள்ளி, அசையாமல் இருந்தாலும் மெல்ல ஊர்வதுபோல் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறொன்றும் இல்லாததால் மூளை தடுமாறுகிறது. அதோடு ஐப்பசிக் காற்றில் எங்கிருந்தோ ஒரு பூவாசனையும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டெல்லிச் சாலையோரங்களில் நிறைய நட்டிருக்கும் ஏழிலைப்பாலை அந்த மாதத்தில்தான் பூக்கும். பொழுது சாய்ந்தால் மணம் ஏறும். கேரளத்தில் யட்சி குடியிருக்கும் மரம் அது!

அப்படியானால் எல்லாம் வெறும் பிரமையா? அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது. மனவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு எடின்பரோவின் நிலவறைகளில், தன்னார்வலர்களை ஆளுக்கொரு அறையில் தனியே சிறிது நேரம் உட்காரவைத்து, உணர்ந்ததை எழுதச் சொன்னது. முடிவுகள் 2003இல் வெளியாயின. பேய் உலவுவதாகப் பெயர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேருக்கு ஏதோ தட்டுப்பட்டது. அந்தப் பெயரை முன்பின் கேள்விப்படாதவர்களும் இதில் அடக்கம். அறையின் அளவுக்கும் வாசலுக்கு வெளியே இருந்த வெளிச்சத்துக்கும் இதோடு தொடர்பு இருந்தது. ஆவியை விட்டுவிட்டாலும் இடத்தை விடமுடியாது. சில இடங்கள் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன, அதற்கான காரணத்தை அளக்கவும் முடிகிறது.

எடின்பரோ சோதனையை டெல்லியிலும் செய்துபார்க்க வசதி இருக்கிறது. நிக்கல்சன் கல்லறைக்குப் பக்கத்திலேயே குத்ஸியா பாக் என்ற பழைய முகலாயத் தோட்டம். அதே நகரத்து இருட்டு, அதே மரநிழல். பேய் பிடிக்கப் போகிறவர்கள் உரிய அனுமதி வாங்கிக்கொண்டு, கே2 மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு, வெளிச்சம் அளக்கும் கருவி ஒன்றோடு இரண்டு இடத்திலும் உட்காரட்டும். எந்த இடம் எது என்று தெரியாத ஆட்களாக இருந்தால் இன்னும் நல்லது. குத்ஸியா பாகிலும் தலையில்லாத துரை வந்து நின்றால், நிக்கல்சனைக் குறை சொல்லிப் பயனில்லை.