முன்பணம் வாங்காதீர்கள், ஒப்பந்தம் கேளுங்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ ஓட்டலில் அப்ரண்டிஸ் வேலை, சாப்பாடும் தங்க இடமும் இலவசம் என்று யாராவது ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டுக்கோ தேவிகாபுரத்துக்கோ வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டால், பெற்றோர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒப்பந்தம் பதிவாகுமா?

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூ தேறியவருக்கு 7,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. பயிற்சியில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். பழகுநர் ஆலோசகரின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. ஒப்பந்தமே போடாமல் மாதக்கணக்கில் பாத்திரம் கழுவ விட்டால் அதற்குப் பெயர் பயிற்சி அல்ல, வேலை. அந்தப் பிள்ளை குறைந்தபட்சக் கூலி கேட்கலாம்.

எனக்குப் பெரிய பயம் முன்பணத்தைப் பற்றித்தான். பட்டு முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் அடையாமல் தறியை விட்டு நகர முடியாதிருந்த குடும்பங்களுக்கு அதன் பாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் முன்பணமாகத் தரும் இருபதாயிரமும் அப்படிப்பட்ட கட்டாகவே முடியலாம். கடனைக் காட்டி ஊருக்கு விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமைத்தனம். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ மனு கொடுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பழகுநர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாக இருந்தால் மாவட்டப் புகார்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அவசரத்துக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100.

உதவித்தொகை வராவிட்டாலோ பாதியில் துரத்தினாலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

நல்ல வழியும் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்புகளைச் சேர்ந்த பிளஸ் டூ முடித்தவர்களைத் தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் தன் செலவில் சென்னை தரமணி ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் பட்டப்படிப்பில் சேர்க்கிறது. ஆரணிக் காலனிகளிலும் ஜவ்வாது மலையிலும் இருக்கும் பிள்ளைகளிடம், ஏஜென்ட் வருவதற்கு முன்பே ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும்.