தச்சுப் பட்டறையிலிருந்து பாரிஸ் வரை: ஓவியர் மிஹாய் முன்காச்சி

அரசர்களையும் வீரர்களையும் வரைவதே உயர்ந்த ஓவியம் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய யதார்த்தவாத ஓவியர்கள் இக்கருத்தை மாற்றினர். விறகு சுமக்கும் பெண்ணும் அடகுக்கடைக்கு வரும் ஏழையும் ஓவியத்தின் நாயகர்களாயினர். இவ்வாறு வரைந்தோருள் ஹங்கேரி நாட்டவரான மிஹாய் முன்காச்சி குறிப்பிடத்தக்கவர்.

இவர் 1844 பெப்ரவரி 20 ஆம் திகதி, இன்று உக்ரைனில் உள்ள முன்காச் நகரில் பிறந்தார். மிஹாய் லீப் என்பது இயற்பெயர். பிறந்த ஊரின் பெயரைப் பின்னர் தன் பெயராக்கிக் கொண்டார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்த இவரைத் தாய்மாமன் வளர்த்தார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் தச்சுப் பட்டறையில் தொழில் பழகினார். பின்னர் எலெக் சமோஷி என்ற ஓவியரிடம் வரையக் கற்று, வியன்னா, மியூனிக், டுஸெல்டோர்ஃப் நகரங்களில் பயின்றார்.

இவருக்குப் புகழ் தேடித் தந்தது மரணதண்டனைக் கைதியின் இறுதி நாளைக் காட்டும் ஓவியமாகும். தண்டனைக்கு முன்னர் கைதியைப் பொதுமக்கள் வந்து பார்ப்பது அக்கால வழக்கம். ஓவியத்தில் கைதி தலை குனிந்து அமர்ந்திருக்க, மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். சுற்றி நிற்போரில் சிலர் இரங்குகின்றனர். சிலர் வேடிக்கை பார்க்கின்றனர். அவன் செய்த குற்றம் என்னவென்று ஓவியர் சொல்லவில்லை. துன்பப்படும் ஒருவனை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதே அங்கு கேள்வி. 1870 இல் பாரிஸ் கண்காட்சியில் இது தங்கப்பதக்கம் பெற்றபோது முன்காச்சிக்கு வயது 26.

1878 இல் வரைந்த மற்றோர் ஓவியத்தில், பார்வையிழந்த ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் காவியத்தைச் சொல்ல, மகளொருத்தி எழுதுகிறாள். அவளது பேனா இன்றி அக்கவிதை தாளில் ஏறாது என்பதை ஓவியம் உணர்த்துகிறது.

முன்காச்சி ஆழ்ந்த இருள் நிறத்துக்காகத் தார் கலந்த வர்ணத்தைப் பயன்படுத்தினார். அது முழுமையாக உலர்வதில்லை. காலப்போக்கில் கறுத்து, வெடிப்பும் விடும். இதனால் அவரது பல ஓவியங்கள் இன்று மங்கியுள்ளன.

இறுதிக் காலத்தில் மனநோயால் வாடிய அவர், 1900 மே 1 இல் ஜெர்மனியில் காலமானார். அவரது ஓவியங்களைக் காணும் மாணவியர், நடுவிலிருப்பவரை மட்டுமன்றிச் சுற்றி நிற்போரின் முகங்களையும் நிதானமாகப் பாருங்கள். அக்கூட்டத்தில் நாம் எவராக நின்றிருப்போம் என்று கேட்டுப் பார்ப்பதும் பயனுள்ளதே.